ராம்பிரசாதின் வீட்டுக்கு வழி: வங்காளத்துக் காளிப் பாடல்களைத் தேடிப் புறப்படுவோருக்கு

முதல் முறை நான் கொல்கத்தாவில் இறங்கியது துர்கா பூஜையின் சப்தமி நாளில். காளியைப் பாடிய வங்காளக் கவிஞர் ராம்பிரசாத் சென்னின் பாடல்களை மூலத்தில் வாங்க வேண்டும், அவர் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும், ஒரு நூலகத்தில் இரண்டு நாளாவது உட்கார வேண்டும் என்பது திட்டம். புத்தகக் கடைத் தெரு பூட்டிக் கிடந்தது. நூலகத்துக்கு விடுமுறை. மற்ற நாளில் ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கும் அறைக்கு மூவாயிரம் கொடுத்தேன். பந்தல் கூட்டத்தில் ஒரு செருப்பும் போயிற்று. ஐந்து நாள் கழித்து ஒரே ஒரு புத்தகத்துடன் ஊர் திரும்பினேன். அதுவும் நாவல். அந்தக் கதை மூன்றாம் படியில் வரும்.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிச் செய்தேன், பலித்தது. முதலில் பாட்டு, பிறகு எழுத்து, பிறகு புத்தகம், கடைசியில்தான் ஊர். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. முதலில் பாட்டைக் கேளுங்கள் (மூன்று மாதம், செலவு இல்லை)

காளியைப் பாடும் இந்தப் பாடல்களுக்கு வங்காளத்தில் ‘சியாமா சங்கீத்’ என்று பெயர். அச்சில் படித்தால் பாதிதான் தெரியும். ராம்பிரசாதின் பாடல்களுக்கென்றே ‘பிரசாதி சுர்’ என்று ஒரு மெட்டு வகை இருக்கிறது. எளிமையானது, வயலில் வேலை செய்பவரும் பாடிவிடலாம். அந்த மெட்டு காதில் ஏறிய பிறகு வரிகள் தாமாகவே பிரிந்து பொருள் தரும்.

யாரிடமிருந்து தொடங்குவது? என் பரிந்துரை பன்னாலால் பட்டாசார்யா. 1966இல் மறைந்தவர். குரலில் அலங்காரம் இல்லை, அழுகையை அடக்கிக்கொண்டு பாடுவது போல இருக்கும். அடுத்து அவருடைய அண்ணன் தனஞ்சய் பட்டாசார்யா. இருவர் பதிவுகளும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன.

பாடல்களைக் கால வரிசையில் கேளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் ராம்பிரசாத் முதலில். பர்த்வான் அரசவையோடு தொடர்புகொண்டிருந்த கமலாகாந்த பட்டாசார்யா அடுத்து. இருபதாம் நூற்றாண்டின் காஜி நஸ்ருல் இஸ்லாம் கடைசியில். ஆம், நஸ்ருல் இஸ்லாமியர்தான். எந்தத் தவம் செய்து நீ சியாமாவின் காலடியை அடைந்தாய் என்று செம்பருத்தியைப் பார்த்துக் கேட்கும் பாட்டு அவருடையது. இந்த மூவரையும் வரிசையாகக் கேட்டால், வங்காளிகளின் கையில் காளி மெல்ல மெல்ல எப்படி வீட்டு மனுஷியானாள் என்பது தானாக விளங்கிவிடும். தனியாக வரலாற்று நூல் தேவைப்படாது.

இங்கே ஒரு பொறி. இணையத் தொகுப்புகளில் எந்தக் காளிப் பாட்டானாலும் ‘ராம்பிரசாதி’ என்று தலைப்பிட்டு விடுகிறார்கள். கடைசி அடியைக் கவனியுங்கள். அங்கே கவிஞர் தன் பெயரைச் சொல்லிக்கொள்வார், அதற்கு ‘பணிதா’ என்று பெயர். ‘பிரசாத் பலே’ என்று வந்தால் பெரும்பாலும் இவர். ‘த்விஜ ராம்பிரசாத்’ என்று வந்தால் அவர் வேறொருவர் என்பதே ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கருத்து. பணிதாவே இல்லாவிட்டால் யார் பெயரையும் எழுதி வைக்காதீர்கள். நான் ஒரு குறிப்பேடு முழுக்கத் தப்பும் தவறுமாக எழுதிவிட்டு, பிறகு அடித்துத் திருத்தினேன்.

தமிழிலேயே ஒரு நுழைவாயில் உண்டு. மகேந்திரநாத் குப்தர் எழுதிவைத்த இராமகிருஷ்ணரின் உரையாடல்களை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம் ‘அமுதமொழிகள்’ என்ற பெயரில் தமிழில் வெளியிட்டிருக்கிறது. அதில் இராமகிருஷ்ணர் நிமிடத்துக்கொரு தரம் பாட ஆரம்பித்துவிடுவார். அவற்றில் பல ராம்பிரசாதும் கமலாகாந்தரும் எழுதியவை. பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் உங்கள் முதல் பாடல் பட்டியல் தயார். பொது நூலகங்களில் தேடிப் பாருங்கள், வாங்க வேண்டிய அவசியமில்லை.

2. எழுத்தும் எண்ணும் (மூன்று வாரம்)

வங்காள எழுத்தைக் கற்காமல் போகாதீர்கள். நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரத்தில் தட்டுத் தடுமாறிப் படிக்கலாம். படித்ததை உச்சரிப்பதில்தான் சிக்கல். ‘பக்தி’ என்பதை ‘பொக்தி’ என்பார்கள், ‘மன்’ என்பது ‘மொன்’. வகரம் பகரமாகிவிடும், விஜயா அங்கே பிஜயா. ளகரம் கிடையாது. எனவே காளி அவர்கள் வாயில் ‘காலி’தான். முதலில் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

எண்களில் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். வங்காள 4 பார்ப்பதற்கு நம்முடைய 8 போல இருக்கும். 7 என்பது 9 போல இருக்கும். பஸ் எண், புத்தக விலை, பக்க எண் எல்லாவற்றிலும் இது காலை வாரும். பழைய புத்தகங்களின் ஆண்டு வங்க ஆண்டாக இருக்கும். 593 அல்லது 594ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். 1349 என்று பார்த்து ஏதோ ஓலைச்சுவடிக் காலத்து நூல் என்று மயங்க வேண்டாம், அது 1942.

பொருள் மாறும் சொற்கள் நம்மை இன்னும் அதிகம் ஏமாற்றும். சமஸ்கிருத வேர் ஒன்றுதான் என்பதால் தெரிந்த சொல் போலவே தோன்றும்:

- ‘அபிமான்’ என்றால் நம்முடைய அபிமானம் அல்ல. நெருங்கியவர் மீது உண்டாகும் பிணக்கு, மனத்தாங்கல். ராம்பிரசாதின் பாதிப் பாடல்கள் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.
- ‘ராக்’ என்றால் பேச்சில் கோபம்.
- ‘சம்சார்’ மனைவி அல்ல, குடும்ப வாழ்க்கை.
- ‘ஆகூதி’ என்றால் ஏக்கம். ‘பக்தேர் ஆகூதி’ என்று ஒரு பகுதியே புத்தகத்தில் வரும்.
- ‘உபன்யாஸ்’ என்றால் நாவல்.

3. எந்தப் புத்தகம்

அந்தக் கடைசிச் சொல்தான் என்னைக் கவிழ்த்தது. பூஜைப் பந்தல் ஓரம் போட்டிருந்த தற்காலிகப் புத்தகக் கடையில், ராம்பிரசாதைப் பற்றிய சொற்பொழிவு நூல் ஏதாவது இருக்குமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு ‘உபன்யாஸ்’ என்றேன். அவர் மிகுந்த மரியாதையுடன் தடித்த நாவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நானும் மிகுந்த மரியாதையுடன் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் கேட்க வேண்டிய பெயர் ‘சாக்த பதாவலி’. அமரேந்திரநாத் ராய் தொகுத்து, கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்ட பாடல் திரட்டு. வங்காள இலக்கிய மாணவர்களுக்குப் பாடநூல் என்பதால் புத்தகக் கடைத் தெருவான காலேஜ் ஸ்ட்ரீட்டில் யாரைக் கேட்டாலும் தெரியும். கையில் கிடைத்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். பாடல்கள் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. என் வரிசை இது:

முதலில் ‘ஆகமனி’, ‘விஜயா’ என்ற இரண்டு பகுதிகள், அதாவது வருகையும் விடைபெறுதலும். இவை உமாவைப் பற்றியவை. கயிலையில் வாழ்க்கைப்பட்ட மகளை ஆண்டுக்கு மூன்று நாள் பிறந்தகம் அழைத்துவர வேண்டும் என்று தாய் மேனகை கணவரான மலையரசனை நச்சரிக்கிறாள். மாப்பிள்ளை சாம்பல் பூசிக்கொண்டு சுடுகாட்டில் திரிகிறவர், வீட்டில் குந்துமணி அரிசி இல்லை, என் பெண் எப்படி இருக்கிறாளோ என்று புலம்புகிறாள். இந்த முறை உமா வந்தால் திருப்பி அனுப்ப மாட்டேன், ஊரார் என்ன சொன்னாலும் சரி என்கிறாள். ஆடிக்குப் பெண்ணை அழைத்த வீட்டில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ‘நவமி இரவே, நீ முடிந்துவிடாதே’ என்ற கமலாகாந்தரின் வரி விஜயா பகுதியில் வரும். மறுநாள் தசமி, பெண் கிளம்பிவிடுவாள். துர்கா பூஜை என்ற பெருங்கூட்டத்துக்கு உள்ளே இருப்பது இந்தச் சின்ன வீட்டுக் கதைதான்.

அடுத்து ‘பக்தேர் ஆகூதி’. இங்கேதான் ராம்பிரசாத் உச்சம். அபிராமி பட்டரை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் திகைத்துப்போவார்கள். அதே பதினெட்டாம் நூற்றாண்டுதான், ஆனால் இவர் தாயைத் திட்டுகிறார், வழக்காடுகிறார், இனி அம்மா என்று கூப்பிட மாட்டேன் என்று முறுக்கிக்கொள்கிறார். ‘செக்கானின் கண்கட்டிய மாடுபோல் இன்னும் எத்தனை சுற்றுச் சுற்றவைப்பாய் அம்மா’ என்கிறார். நம் செக்குமாடு அப்படியே அங்கே நிற்கிறது. ‘மனமே, உனக்கு உழவு தெரியவில்லை, மானிடப் பிறவியான நிலம் தரிசாகக் கிடக்கிறது, பயிரிட்டிருந்தால் பொன் விளைந்திருக்கும்’ என்ற பாட்டு வங்காளிகள் பலருக்கு மனப்பாடம்.

இன்னொரு பாட்டில், ‘எனக்குப் பொக்கிஷதார் வேலை கொடு அம்மா, நான் உப்புக்குத் துரோகம் செய்பவன் அல்ல’ என்கிறார். இதன் பின்னே ஒரு கதை சொல்வார்கள். ராம்பிரசாத் ஒருவரிடம் கணக்கெழுதும் வேலையில் இருந்தார். கணக்குப் புத்தகத்திலேயே இப்படிப் பாட்டெழுதி வைத்தார். முதலாளி அதைப் படித்துவிட்டுக் கோபப்படாமல், மாதம் முப்பது ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்து, ஊருக்குப் போய் எழுது என்று அனுப்பிவிட்டார். கணக்குப் புத்தகமும் கடன் பத்திரமும் ஜமீன் வழக்கும் இவர் பாடல்களில் ஏன் இத்தனை வருகின்றன என்பதற்கு இந்தக் கதையே போதும்.

தத்துவப் பகுதிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம், குண்டலினி என்று வரும் பாடல்களுக்குக் குரு இல்லாமல் பொருள் எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ரேச்சல் ஃபெல் மெக்டெர்மட் 2001இல் வெளியிட்ட மொழிபெயர்ப்புத் தொகுப்பு நல்ல துணை, காளியும் உமாவும் இரண்டும் அதில் உண்டு. மூலத்தை ஒரு பக்கமும் அதை மறுபக்கமும் வைத்துப் படித்தேன். மேற்கு வங்கப் பொது நூலகங்களின் பழைய வங்காள நூல்கள் பல மின்வடிவில் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. டிக்கெட் எடுப்பதற்கு முன் அங்கே தேடிவிடுங்கள். நான் இரண்டு நாள் வரிசையில் நின்று பார்த்த ஒரு புத்தகம் வீட்டில் உட்கார்ந்தே கிடைத்திருக்கும்.

4. எப்போது போவது

உங்களுக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்தது.

புத்தகம் வேண்டுமானால் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம். கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் புத்தகத் திருவிழா நடக்கும், தள்ளுபடி கிடைக்கும், வெயிலும் இருக்காது.

பாட்டு வேண்டுமானால் மகாளயத்துக்கு முந்தைய இரண்டு வாரம். ஆகமனிப் பாடல்களின் பருவம் அதுதான். மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கு வானொலியில் ‘மகிஷாசுர மர்தினி’ ஒலிபரப்பாகும். 1930களில் தொடங்கியது, பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல். அந்த நேரத்தில் வடக்குக் கொல்கத்தாவின் ஏதாவதொரு சந்தில் நடந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு அதே குரல் கேட்கும். மழை இன்னும் விட்டிருக்காது, குடை அவசியம்.

சஷ்டி முதல் தசமி வரை புத்தக வேலையாகப் போகவே போகாதீர்கள். திருவிழா பார்க்க வேண்டுமானால் போங்கள், அது வேறு பயணம். தீபாவளி அமாவாசை இரவில் வரும் காளி பூஜைக்கும் இதே எச்சரிக்கை.

5. டிக்கெட்டும் அறையும்

சென்னை சென்ட்ரலிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வசதியானது. இப்போது அது ஹவுரா நிலையத்துக்குப் போவதில்லை, பக்கத்தில் உள்ள ஷாலிமாரில் முடிகிறது. காலையில் ஏறினால் மறுநாள் நண்பகலுக்குள் இறங்கலாம், ஏறத்தாழ 27 மணி நேரம். படுக்கை வகுப்பு 700 ரூபாய்க்கு அருகில், மூன்றடுக்கு ஏசி 1,800க்கு அருகில் ஆகும். முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். மகாளய வாரம் என்றால் திறக்கும் நாளன்று காலை எட்டு மணிக்கே கணினி முன் உட்கார்ந்துவிடுங்கள்.

அறையைக் காளிகட்ட மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். இன்னொரு பெரிய காளி கோயில் இருக்கும் தட்சிணேசுவரம் வரை ஒரே மெட்ரோ, டிக்கெட் முப்பது ரூபாய்க்குள். நான் ஒற்றை அறைக்கு நாளுக்கு 1,200 கொடுத்தேன்.

6. ஆவணங்கள்

பழைய நூல்களைப் பார்க்க நூலகம் போவதானால் வாசகர் அட்டையோ நாள் அனுமதியோ தேவைப்படும். அலிப்பூரில் உள்ள தேசிய நூலகம் ஆனாலும், 1893இல் தொடங்கிய வங்கிய சாகித்ய பரிஷத் ஆனாலும் கையில் இவை இருக்கட்டும்: ஆதார் மூலமும் இரண்டு நகல்களும், கடவுச்சீட்டு அளவுப் படம் நான்கு, கல்லூரியிலோ பணியிடத்திலோ தலைப்புத்தாளில் வாங்கிய ஒரு கடிதம். கடிதத்தில் என்ன பொருளைப் படிக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். கேட்காமலும் விடலாம். கேட்டால் அன்றைய நாள் தப்பிக்கும்.

ஒரு நூலகத்தில் நான் முகவரிச் சான்றாகக் குடும்ப அட்டையை நீட்டினேன். முழுக்கத் தமிழ். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வங்காளத்தில் எப்படி விழித்தேனோ அப்படியே விழித்தார். ஆதாரை அறையில் வைத்துவிட்டு வந்திருந்ததால் போய்வர அரை நாள் போயிற்று. குறை அவருடையது அல்ல.

பழைய நூல்களுக்கான சீட்டைக் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிடங்கிலிருந்து வர எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

7. இரண்டு பெரிய கோயில்கள்

காளிகட்டத்துக்கும் தட்சிணேசுவரத்துக்கும் செவ்வாய், சனி, அமாவாசை தவிர்த்துப் போங்கள். இரண்டிலும் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். தட்சிணேசுவரம் பன்னிரண்டரை வாக்கில் மூடி மூன்று மணி வாக்கில் திறக்கும். காளிகட்டம் இரண்டு மணிக்கு மேல் மூடினால் ஐந்து மணி ஆகிவிடும். நான் ஒரு நாள் இரண்டு இடத்திலும் சரியாகப் பூட்டும் வேளையில் போய் நின்றேன்.

கோயில் வாசலில் நெருங்கி வந்து ‘சீக்கிரம் தரிசனம்’ என்பவரிடம் தொகையைப் பேசாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள். உள்ளே போன பிறகு கணக்கு வேறு மாதிரி ஏறும், எனக்கு ஐந்நூறு ரூபாய் பாடம். வெளியே செம்பருத்தி மாலையோடு தரும் பூஜைத் தட்டே போதும், அதை ‘டாலா’ என்பார்கள். காளிகட்டத்தில் ஆடு பலி இன்றும் உண்டு. பார்க்க மனமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிடலாம். ராணி ராஷ்மணி கட்டி 1855இல் குடமுழுக்கு நடந்த தட்சிணேசுவரத்தில் கைப்பேசியை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பாட்டைக் கைப்பேசியில் வைத்திருந்தால், இரண்டு பாட்டையாவது தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

8. ஹாலிசஹர்

ராம்பிரசாத் பிறந்த ஊர். இந்தப் பயணத்தின் காரணமே இதுதான், ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். செலவு மிகக் குறைவு, ரயில் டிக்கெட் எனக்குப் பத்து ரூபாய்தான் ஆனது.

காளிகட்டத்திலிருந்து மெட்ரோவில் தம்தம் வரை போங்கள். அங்கே இறங்கினால் ரயில் நிலையம் ஒட்டியே இருக்கிறது. கல்யாணி, ராணாகாட், சாந்திப்பூர், கிருஷ்ணநகர் என்று பலகையில் போட்ட வண்டிகளில் ஏற வேண்டும். நைஹாட்டி லோக்கலில் ஏறினால் ஹாலிசஹருக்கு முன்னாலேயே முடிந்துவிடும். பன்காவ், டன்குனி வண்டிகள் வேறு பாதையில் போய்விடும். ‘கேலப்பிங்’ என்று அறிவித்தால் அந்த வண்டி சிறிய நிலையங்களில் நிற்காது, பக்கத்தில் நிற்பவரிடம் ஹாலிசஹர் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ‘மாத்ருபூமி’ என்ற பெயரில் ஓடுவது பெண்களுக்கென விட்ட வண்டி. தாயைத் தேடிப் போகிறோம் என்று ஆண்கள் கேட்காமல் அதில் ஏறிவிடக் கூடாது.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இறங்கலாம். நிலைய வாசலில் மின்கல ஆட்டோ நிற்கும், ‘டோட்டோ’ என்பார்கள். கோயில் என்று கேட்காதீர்கள், ஊரில் கோயில்கள் பல. ‘ராம்பிரசாதேர் பிட்டே’ என்று சொல்லுங்கள். பிட்டே என்றால் குடியிருந்த மனை. அங்கே காளி கோயிலும், அவர் அமர்ந்து தவம் செய்ததாகச் சொல்லும் பஞ்சவடி என்ற ஐந்து மரத் தோப்பும் இருக்கின்றன. பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். மரங்கள், ஒரு முற்றம், அவ்வளவே.

காலை பத்து மணிக்குள் போனால் நண்பகல் நடை சாத்துவதற்குள் நிதானமாக இருக்கலாம். மதிய உணவைக் கையில் கொண்டுபோங்கள். முற்றத்தில் நான் தாளைப் பார்த்து ‘மொன் ரே க்ரிஷி காஜ் ஜானோ நா’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் என் உச்சரிப்பைப் பொறுக்க முடியாமல் தானே பாட ஆரம்பித்தார். காளியின் பெயரால் வேலி கட்டு, விளைச்சல் பாழாகாது என்ற அடியை இரண்டு முறை பாடி, என்னையும் சொல்லவைத்த பிறகுதான் விட்டார். மூன்று மாதம் காதில் வாங்கியிருந்ததால் எனக்கு அந்த அடி தெரிந்திருந்தது. முதல் பயணத்தில் வந்திருந்தால் யாரோ பெரியவர் பாடுகிறார் என்று படம் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

பிறகு ஆற்றங்கரைக்கு நடந்து போங்கள். காளி பூஜை முடிந்து சிலையைக் கரைக்கும்போது பாடிக்கொண்டே கங்கையில் இறங்கி ராம்பிரசாத் திரும்பி வரவில்லை என்பது மரபுக் கதை.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் நைஹாட்டியில் இறங்கி, காந்தல்பாடாவில் பங்கிம் சந்திரரின் வீட்டைப் பார்த்துவிடலாம். பாரதி தமிழாக்கிய ‘வந்தே மாதரம்’ எழுதியவரின் வீடு ராம்பிரசாதின் ஊருக்கு அடுத்த நிலையத்தில்தான் இருக்கிறது என்பது எனக்கு அங்கே போகும்வரை தெரியாது.

9. ஒரு நாள் மிஞ்சினால்

பர்த்வான். ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் இரண்டரை மணி நேரம். போர்ஹாட் பகுதியில் கமலாகாந்தரின் காளி கோயில் இருக்கிறது. கூட்டம் இல்லை, கட்டணம் இல்லை. மதியத்துக்குள் முடித்துவிட்டுத் திரும்பலாம்.

மொத்தக் கணக்கு: இரண்டாம் முறை ஆறு நாளுக்கு, படுக்கை வகுப்பில் போய்வந்ததையும் நான்கு புத்தகங்களையும் சேர்த்து, பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது. முதல் முறை ஐந்து நாளுக்கு இருபதாயிரம், ஒரு நாவல்.

ஹாலிசஹரிலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் கிளம்புங்கள். வேலை முடிந்து வருகிற கூட்டம் எல்லாம் அந்த நேரத்தில் எதிர்த் திசையில் போகும். கொல்கத்தா நோக்கி வரும் வண்டியில் ஜன்னலோரம் தாராளமாக இடம் கிடைக்கும். பெட்டியே காலி, நம் ஊர்ப் பொருளில்.